சுயேச்சை மெம்பர் பாராளுமன்றம் கேட்டால்: திருகோணமலை வாக்காளரின் கேள்விகளும் பதில்களும்

2025 மே 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் முடிந்து சபைகள் கூடியதிலிருந்து ஒரு பேச்சு திரும்பத் திரும்ப வருகிறது: "எங்கட வட்டார மெம்பர் கட்சி இல்லாமலே வென்றவர். அடுத்தமுறை பாராளுமன்றத்துக்கே கேட்கலாம்தானே?" கேட்கலாம். ஆனால் வட்டாரத்துக்கும் பாராளுமன்றத்துக்கும் இடையில் இருக்கிற விதிகள் பலருக்குத் தெரியாது. கேட்கப் போகிறவர்களுக்கே சில சமயம் தெரிவதில்லை. தேத்தண்ணிக் கடையிலும் கல்யாண வீட்டிலும் என்னிடம் கேட்கப்பட்டவற்றைச் சேர்த்து எழுதியிருக்கிறேன். எந்த ஒரு உறுப்பினரையும் மனதில் வைத்து எழுதியது அல்ல.

சுயேச்சையாக வென்றவர் என்றால் தனியாள் என்றுதானே அர்த்தம்?

இல்லை. நம் நாட்டில் உள்ளூராட்சித் தேர்தலிலும் தனியாளாக நிற்க முடியாது. "சுயேச்சைக் குழு" என்று ஒரு முழுப் பட்டியல் போட வேண்டும். சபையின் 60 வீதமானோர் வட்டாரங்களில் இருந்தும், 40 வீதமானோர் விகிதாசாரப் பட்டியலில் இருந்தும் வருகிறார்கள். பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடும் உண்டு. கட்சிகள் ஒரு வேட்பாளருக்கு 1,500 ரூபா கட்டுப்பணம் கட்டும்போது சுயேச்சைக் குழு 5,000 ரூபா கட்ட வேண்டும். ஆகவே நம் மெம்பர் வட்டாரத்தில் வென்றார் என்றால், தனக்காக மட்டுமல்ல, பக்கத்து வட்டாரங்களுக்கும் ஆட்களைத் தேடிப் பிடித்து, கையெழுத்து வாங்கி, பணம் திரட்டி, மனுவைச் சரியாகக் கொடுத்துத்தான் வென்றிருக்கிறார். அது சின்ன வேலை இல்லை. 2025இல் இளைஞர் வேட்பாளர்களின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி முறையாக உறுதிப்படுத்தப்படவில்லை என்று நாடு முழுக்கப் பல மனுக்கள் தள்ளப்பட்டு, விஷயம் நீதிமன்றம் வரை போனது நினைவிருக்கும்.

சபையில் இருந்தே சேவை செய்யலாமே. ஏன் பாராளுமன்றம்?

நியாயமான கேள்வி. ஆனால் சபையின் கை எவ்வளவு தூரம் நீளும் என்று பார்த்தால் அந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்று புரியும். தெருவிளக்கு, குப்பை, வடிகால், சபைக்குச் சொந்தமான உள்வீதிகள், சந்தை, மயானம், நூலகம், கட்டட அனுமதி, வியாபார அனுமதிப்பத்திரம். இவ்வளவுதான். காணி பிரதேச செயலகத்தின் கையில். வயலுக்குப் பக்கத்தில் கல் நட்டால் அது வனப் பாதுகாப்புத் திணைக்களம். மேட்டில் பலகை வைத்தால் தொல்லியல் திணைக்களம். கடற்கரையோரம் என்றால் இன்னொரு திணைக்களம், துறைமுகத்தைச் சுற்றிய நிலம் என்றால் துறைமுக அதிகார சபை. சீனக்குடாவின் 99 எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றி 2022 ஜனவரியில் ஒப்பந்தம் வந்தபோது, நம் மாவட்டத்தின் எந்தச் சபையிடமும் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் சட்டத்தில் இல்லை.

இதை ஒரு வரியில் காட்டுகிற இடம் குறிஞ்சாக்கேணி. கிண்ணியாவில் பழைய பாலத்தை அகற்றிவிட்டுப் புதிய பாலம் கட்டத் தொடங்கினார்கள். அது மத்திய அரசின் வேலை. பாலம் முடியும்வரை சனம் கடக்க ஒரு படகுப் பாதை, அதாவது ஆட்களை ஏற்றிக் கடக்கிற மிதவை, ஓடியது. அதற்கு அனுமதி கொடுப்பது உள்ளூர்ச் சபையின் வேலை. 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை, பள்ளிக்கூடம் போன பிள்ளைகளோடு அந்தப் பாதை கவிழ்ந்தது. பிள்ளைகள் உட்படப் பலர் போய்விட்டார்கள். ஆத்திரப்பட்ட சனம் முதலில் போனது பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரின் வீட்டுக்கு. சட்டம் கைது செய்தது நகர சபைத் தவிசாளரை. பாலத்தை நேரத்துக்கு முடிக்கச் சொல்லும் அதிகாரம் சபையிடம் இல்லை. பொறுப்பு மட்டும் வந்து சேர்ந்தது. சபையில் நான்கு வருடம் இருந்த எவருக்கும் இந்த உணர்வு ஒருதடவையாவது வரும். அங்கிருந்துதான் "மேலே போனால்தான் ஆகும்" என்ற எண்ணம் பிறக்கிறது. எல்லாருடைய ஆசையும் அவ்வளவு சுத்தமானது என்று நான் சொல்ல வரவில்லை.

இடையில் மாகாண சபை இருக்கிறதே?

இருந்தது. கிழக்கு மாகாண சபைக்கு 2008இலும் 2012இலும்தான் தேர்தல் நடந்தது. 2017 செப்டம்பரில் காலம் முடிந்ததோடு சரி. 37 உறுப்பினர்களில் பத்துப் பேர் நம் மாவட்டத்துக்கு உரியவர்கள். ஒரு நல்ல உள்ளூர் உறுப்பினர் மாவட்ட அளவில் தன்னைக் காட்டிப் பழகுவதற்கான படி அதுதான். அது இல்லாததால் வட்டாரத்தில் நிற்பவர் ஒரேயடியாகப் பாராளுமன்றத்துக்குத் தாவ வேண்டியிருக்கிறது.

சரி, பாராளுமன்றத்துக்குத் தனியாகக் கேட்கலாமா?

அதுவும் முடியாது. திருகோணமலை மாவட்டத்துக்கு நான்கு ஆசனம். ஆசன எண்ணிக்கையோடு மூன்றைக் கூட்டி வேட்பாளர் பட்டியல் போட வேண்டும். ஆகவே ஏழு பேர். ஆறாக இருந்தாலும் மனு செல்லாது, எட்டாக இருந்தாலும் செல்லாது. பட்டியலில் முதலாவது பெயர்தான் குழுத் தலைவர். மனுவை மாவட்டச் செயலகத்தில், அதாவது கச்சேரியில், தெரிவத்தாட்சி அலுவலரிடம் கொடுக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், ஒருவர் உண்மையாகவே கேட்கிறாரா சும்மா கேட்கிறாரா என்பதை அந்த மற்ற ஆறு பேரை வைத்தே சொல்லிவிடலாம். மச்சான், மச்சானின் கூட்டாளி, வீட்டில் வேலைக்கு நிற்கிற பொடியன் என்று பட்டியல் நிரம்பியிருந்தால், அவர் மாவட்டத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை. வெருகலில் ஒருவர், மூதூரில் ஒருவர், கிண்ணியாவில் ஒருவர், குச்சவெளிப் பக்கம் ஒருவர், தம்பலகாமத்தில் ஒருவர், முடிந்தால் கந்தளாயில் சிங்களம் பேசுகிற ஒருவர், அதில் இரண்டு மூன்று பெண்கள் என்று இருந்தால், கவனித்துக் கேட்கலாம்.

கட்டுப்பணம் எவ்வளவு?

பாராளுமன்றத் தேர்தலில் சுயேச்சைக் குழு ஒரு வேட்பாளருக்கு 2,000 ரூபா கட்ட வேண்டும். ஏழு பேருக்கு 14,000 ரூபா. அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு அதுவும் இல்லை. இன்றைய விலைவாசியில் 14,000 ரூபாவுக்கு வாகனத்துக்கு டீசல் அடித்து வெருகலுக்கும் புல்மோட்டைக்கும் நாலு தடவை போய்வந்தால் முடிந்தது. அதனால்தான் வாக்குச்சீட்டு இவ்வளவு நீளம்.

வெல்ல எத்தனை வாக்கு வேண்டும்?

இதுதான் முக்கியமான கேள்வி. பெரும்பாலானோர் "5 வீதம் எடுத்தால் சரி" என்று நினைக்கிறார்கள். 5 வீதம் வாசல்படி மட்டும்தான். அதற்குக் கீழே எடுத்தவரைக் கணக்கிலிருந்தே நீக்கிவிடுவார்கள். அதைத் தாண்டியவருக்கு ஆசனம் கிடைக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

2024 நவம்பர் 14 தேர்தலை எடுப்போம். நம் மாவட்டத்தில் தேசிய மக்கள் சக்தி (திசைகாட்டிச் சின்னம்) 87,031, ஐக்கிய மக்கள் சக்தி (தொலைபேசி) 63,383, தமிழரசுக் கட்சி (வீடு) 34,168. வேறு எவரும் 5 வீதத்தை எட்டவில்லை. அதிக வாக்கு எடுத்த திசைகாட்டிக்கு முதலில் ஒரு போனஸ் ஆசனம். மிச்சம் மூன்று. மூன்று அணிகளின் வாக்கையும் கூட்டினால் 184,582. அதை மூன்றால் வகுத்தால் ஏறக்குறைய 61,527. அதுதான் ஓர் ஆசனத்தின் விலை.

திசைகாட்டி அந்த விலையைக் கொடுத்து ஒரு ஆசனம் எடுத்தது. கையில் மிஞ்சியது 25,504 வாக்கு. தொலைபேசியும் ஒரு ஆசனம் எடுத்தது. மிச்சம் இரண்டாயிரத்துக்கும் குறைவு. வீட்டுச் சின்னத்துக்கு முழு விலை கொடுக்க வாக்கு இல்லை. ஆனால் மிச்சங்களில் பெரியது யாருடையது என்று பார்த்தபோது 34,168 முன்னால் நின்றது. கடைசி ஆசனம் அப்படித்தான் வந்தது.

இந்த இடத்தில் ஒரு சுயேச்சைக் குழுவை நுழைத்துப் பாருங்கள். மூன்று அணிகளிடமிருந்தும் அவரவர் பலத்துக்கு ஏற்ப வாக்கை இழுத்தார்கள் என்று வைத்தால், என் கணக்கில் கிட்டத்தட்ட 29,000 வாக்கு எடுத்தால்தான் கடைசி ஆசனம் கைக்கு வரும். 28,000 எடுத்தாலும் வெறுங்கை. வட்டாரத்தில் சில நூறு வாக்கில் வென்றவருக்கு, அந்தச் சில நூறுக்கும் இந்த 29,000க்கும் நடுவில் இருக்கிற தூரத்தை முதலில் சொல்ல வேண்டும்.

அப்படியானால் அவர் வாக்கைப் பிரிக்கத்தான் கேட்கிறார் என்று சொல்வது சரியா?

பாதி சரி. யாருடைய வாக்கை எடுக்கிறார் என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது.

அதே 2024 எண்களை வைத்துப் பாருங்கள். சுயேச்சைக் குழு ஒன்று வீட்டுச் சின்னத்துக்குப் போகும் வாக்கிலிருந்து மட்டும் 6,500ஐ எடுத்திருந்தால் போதும். அந்த 6,500 வாக்கு 5 வீதத்துக்குக் கீழே என்பதால் கணக்கிலிருந்தே போய்விடும். ஓர் ஆசனத்தின் விலை 59,360 அளவுக்கு இறங்கும். திசைகாட்டியின் மிச்சம் 27,670 ஆக ஏறும். வீட்டுச் சின்னத்திடம் 27,668 இருக்கும். இரண்டு வாக்கில் தமிழ்க் கட்சியின் ஒரே ஆசனம் போயிருக்கும். நான்கில் மூன்று ஒரே கட்சிக்கு. மூத்தவர்கள் "பிரிக்காதேங்கோ தம்பி" என்று கெஞ்சுவது வெறும் கட்சி விசுவாசத்தால் அல்ல. 2012 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தில் முஸ்லிம்கள் 40 வீதமளவு, தமிழர் 30 வீதத்துக்குச் சற்று மேல், சிங்களவர் 27 வீதமளவு. 2004இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு இங்கே இரண்டு ஆசனம் இருந்தது. பிறகு ஒன்றுதான். 2024இல் தமிழரசுக் கட்சியும் ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணியும் மற்ற மாவட்டங்களில் தனித்தனியாக மோதிக்கொண்டு இங்கே மட்டும் வீட்டுச் சின்னத்தில் சேர்ந்து கேட்டதற்கும் இந்தப் பயமே காரணம்.

ஆனால் அதே 6,500 வாக்கைத் திசைகாட்டியிடமிருந்து எடுத்திருந்தால்? அப்போது அவர்களின் மிச்சம் 21,000 அளவுக்கு இறங்கி, வீட்டின் ஆசனம் இன்னும் பலமாக நின்றிருக்கும். 2024இல் தமிழ் இளைஞர்கள் எத்தனை பேர் திசைகாட்டிக்குப் போட்டார்கள் என்று நமக்குத் தெரியும். அந்த வாக்கு இனி வீட்டுக்குத் திரும்பாது, ஆனால் ஒரு நல்ல உள்ளூர் ஆளுக்குப் போகலாம் என்றால், "பிரிப்பவர்" என்ற பட்டம் பொருந்தாது. வாக்கு தன்னுடைய சொந்தச் சொத்து என்பதுபோல் வீட்டுச் சின்னக்காரர் பேசுவதும் எனக்குப் பிடிக்காத ஒன்று. வாக்கு போடுகிறவனுடையது.

இதற்கு முன் யாராவது இப்படிப் போயிருக்கிறார்களா?

நம் பக்கத்தில் மிகத் தெளிவான உதாரணம் யாழ்ப்பாணத்து அல்பிரட் துரையப்பா. மாநகர சபை உறுப்பினராகத் தொடங்கி, 1960இல் சுயேச்சையாக நின்று, ஜி. ஜி. பொன்னம்பலத்தையே தோற்கடித்துப் பாராளுமன்றம் போனவர். அந்த வருடம் மார்ச்சிலும் யூலையிலும் இரண்டு தேர்தல். இரண்டிலும் சுயேச்சையாகவே வென்றார். 1965இல் தோற்றார். பிறகு ஆளும் கட்சிப் பக்கம் போய், மேயராக இருந்தபோது 1975 யூலை 27இல் கொல்லப்பட்டார். அவருடைய அரசியலைப் பற்றி நம்மவர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் அவர் எப்படி வென்றார் என்பது கவனிக்க வேண்டியது: ஒரு நகரம், ஒரு தொகுதி, அதிக வாக்கு எடுத்தவர் வெற்றி. நகரத்துக்கு உழைத்த ஒரு மாநகர சபை உறுப்பினருக்கு அந்த நகரத்தின் வாக்கு போதும். 1947 முதல் பாராளுமன்றத்தில் 21 சுயேச்சைகள் இருந்ததற்கும் அந்த முறையே காரணம். 1977இல் சம்பந்தன் ஐயா முதன்முதலாகத் திருகோணமலையில் வென்றதும் அந்த முறையின் கடைசிப் பொதுத் தேர்தலில்தான்.

1978 அரசியலமைப்போடு தொகுதி போய் மாவட்டம் வந்தது. அதன் பிறகு சுயேச்சையாக வென்றவர்கள் இரண்டு வகை. ஒன்று, இயக்கமோ கட்சியோ சுயேச்சை என்ற பெயரில் நின்றது. 1989இல் ஈரோஸ் ஆதரவுக் குழுக்கள் 13 ஆசனம் எடுத்தன, திருகோணமலையிலும் வென்றன. 1994இல் ஈபிடிபி யாழ்ப்பாணத்தில் சுயேச்சைக் குழுவாக நின்று, போர்ச் சூழலில் பதினோராயிரத்துக்கும் குறைந்த வாக்கில் ஒன்பது ஆசனம் எடுத்தது. மற்றது, ஒரு மனிதருக்குத் திடீரென்று கிளம்புகிற அலை. 2024இல் யாழ்ப்பாணத்தில் வைத்தியர் இராமநாதன் அர்ச்சுனாவின் 17ஆம் இலக்கக் குழு ஊசிச் சின்னத்தில் 27,855 வாக்கு எடுத்து ஒரு ஆசனம் வென்றது. அவர் உள்ளூராட்சி சபையிலிருந்து வந்தவர் அல்ல. முகநூலில் இருந்து வந்தவர் என்று சொன்னால் கோபிக்க மாட்டார். யாழ்ப்பாணத்துக்கு ஆறு ஆசனம், நமக்கு நான்கு என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆக, சபையில் பொறுமையாக உழைத்து, அந்த உழைப்பாலேயே கட்சி இல்லாமல் மாவட்டத்தை வெல்வது என்பது இந்த முறையில் மிகக் கடினம். சபையில் தொடங்கியவர் உச்சிக்குப் போகவே முடியாது என்று இதற்கு அர்த்தமில்லை. ரணசிங்க பிரேமதாச கொழும்பு மாநகர சபையில் தொடங்கியவர்தான். ஆனால் ஜனாதிபதி ஆனது கட்சியின் தோளில்.

ஜனாதிபதித் தேர்தலுக்குச் சுயேச்சையாகக் கேட்கலாமே? அங்கே ஒரே ஆள் போதும்.

நம் மெம்பருக்கு அந்தக் கதவு பூட்டு. சுயேச்சையாக ஜனாதிபதி வேட்பாளர் ஆக, அவர் பாராளுமன்ற உறுப்பினராக இருக்க வேண்டும், அல்லது முன்பு இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அங்கீகரிக்கப்பட்ட கட்சி ஒன்று நிறுத்த வேண்டும். 2024இல் தமிழ்ப் பொது வேட்பாளராகச் சங்குச் சின்னத்தில் நின்ற அரியநேத்திரன் மட்டக்களப்பின் முன்னாள் எம்.பி. என்பதால்தான் சுயேச்சையாக மனுப்போட முடிந்தது. கட்டுப்பணமும் கட்சி வேட்பாளருக்கு 50,000, சுயேச்சைக்கு 75,000.

தேசியப் பட்டியலில் ஒரு இடம் வராதா?

29 இடங்களை நாடு முழுவதும் எடுத்த வாக்கை வைத்துப் பிரிக்கிறார்கள். நம் மாவட்டத்தில் மட்டும் நிற்கிற குழுவுக்கு அது கனவு.

குழு வென்றால் ஆசனம் தலைவருக்குத்தானே?

கட்டாயமில்லை. குழுவுக்குள் யாருக்கு அதிக விருப்பு வாக்கோ, அதாவது வேட்பாளர் இலக்கத்துக்குப் போடுகிற வாக்கோ, அவருக்குத்தான் ஆசனம். நம் மெம்பர் ஏழு பேரைத் திரட்டி, போஸ்டர் அடித்து, கூட்டம் வைத்து, கடைசியில் பட்டியலின் ஐந்தாவது இடத்தில் இருந்த மூதூர்க்காரர் தன் ஊர் வாக்கோடு உள்ளே போய்விடலாம். இந்தப் பயத்தில்தான் பலர் பலமான ஆளைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. பலமான ஆள் இல்லாவிட்டால் 29,000 வராது. சுயேச்சைக் குழுக்கள் பெரும்பாலும் இந்த முடிச்சிலேயே சிக்குகின்றன.

இடையில் ஆசனம் வெற்றிடமானால் அடுத்த அதிக விருப்பு வாக்கு எடுத்தவர் வருவார். சம்பந்தன் ஐயா 2024 யூன் 30இல் காலமானபோது குகதாசன் அப்படித்தான் பாராளுமன்றம் போனார். அந்த நவம்பரில் மக்கள் அவரையே திரும்பத் தெரிவு செய்தார்கள்.

வென்ற பிறகு அரசாங்கப் பக்கம் பாய்ந்தால்?

குழுவிலிருந்து விலகினால் ஆசனம் போகும் என்று அரசியலமைப்பின் 99(13) உறுப்புரை சொல்கிறது. கட்சியைப் போலச் சுயேச்சைக் குழுவையும் அது குறிப்பிடுகிறது. ஆனால் விலக்குவது யார்? குழுவுக்கு மத்திய குழு இல்லை, ஒழுக்காற்று விசாரணை இல்லை, ஒரு காரியாலயம்கூட இல்லை. அவர்தான் தலைவர். கட்சிக் கட்டுப்பாட்டுக்குள் இருந்தவர்களே 2020 ஒக்டோபரில் எதிரணியில் இருந்துகொண்டு, ஜனாதிபதியின் அதிகாரத்தைக் கூட்டிய 20ஆம் திருத்தத்துக்குக் கைதூக்கியதைப் பார்த்தோம். கட்சி இல்லாதவரைப் பிடித்து வைக்க அவருடைய மனச்சாட்சியும் ஊராரின் முகமும்தான் இருக்கின்றன.

தனி எம்.பி. ஒருவரால் அங்கே என்ன செய்ய முடியும்?

பாராளுமன்றத்தில் பேசும் நேரத்தைக் கட்சிகளின் கொறடாக்கள் ஊடாகப் பிரிக்கிறார்கள். தனியாள் அதில் இடம் கேட்டு நிற்க வேண்டும். தனக்கு நேரம் ஒதுக்கவில்லை என்று அர்ச்சுனா சபைக்குள் முறையிட்டது செய்திகளில் வந்தது. 225 பேரில் ஒருவருடைய வாக்கு சாதாரண நாளில் எதையும் மாற்றாது.

ஆனால் கொழும்பில் அல்ல, இங்கே கச்சேரியில்தான் அவருக்கு வேலை. மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் வனத் திணைக்களம், தொல்லியல், நீர்ப்பாசனம், மின்சாரம், வீதி அபிவிருத்தி எல்லாரும் வந்து உட்கார வேண்டும். எம்.பி. என்றால் பெயர் சொல்லிக் கேள்வி கேட்கலாம், பதில் குறிப்பில் ஏறும். சபை உறுப்பினராக இருந்தபோது ஒரு கடிதத்துக்குப் பதில் வரக் காத்திருந்த அதே அதிகாரி, இப்போது எதிரில் இருப்பார். எந்தக் கோப்பு எந்த மேசையில் தூங்குகிறது என்று சபையில் இருந்த காலத்தில் கற்றுக்கொண்டவருக்கு இது பெரிய பலம்.

சிலர் சும்மா 'டம்மி'யாக நிற்கிறார்கள் என்கிறார்களே?

நிற்கிறார்கள். ஒரு குழு மனுப்போட்டால் வாக்குச்சாவடிக்கும் எண்ணும் நிலையத்துக்கும் முகவர்களை அனுப்பலாம். அந்த முகவர்கள் உள்ளே போய் யாருக்காக வேலை செய்வார்கள் என்பது வேறு கதை. வாக்கைக் கொஞ்சம் கரைக்க ஒரு பெரிய கட்சி பின்னால் இருந்து காசு கொடுப்பதும் ஊரறிந்த இரகசியம். கண்டுபிடிக்க ஒரு வழி: தேர்தல் நாளுக்கு ஒரு கிழமைக்கு முன் அவர் எங்கே இருக்கிறார் என்று பாருங்கள். உண்மையாகக் கேட்பவர் குரல் கம்மிப்போய் எங்காவது ஒரு ஒழுங்கையில் நிற்பார்.

அவரை எப்படி எடைபோடுவது?

தெருவிளக்கு போட்டாரா என்று மட்டும் பார்க்க வேண்டாம். அது சபையின் காசு. தவிசாளர் தெரிவு நடந்த நாளைப் பாருங்கள். 2025இல் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லாத சபைகள் பல. அந்த இடங்களில் ஒற்றைச் சுயேச்சை உறுப்பினரின் கைக்குத் திடீரென்று பெறுமதி வந்தது. முதல்நாள் இரவு தொலைபேசி ஓயாமல் அடித்திருக்கும். பகிரங்க வாக்கெடுப்பா இரகசிய வாக்கெடுப்பா என்று வந்தபோது அவர் எதைக் கேட்டார்? யாருக்குப் போட்டார்? அதற்குப் பிறகு அவருக்கு உப தவிசாளர் பதவியோ வேறு ஏதாவதோ கிடைத்ததா? போட்ட காரணத்தை வட்டாரத்துக்கு வந்து சொன்னாரா? சொன்னவர் என்றால், அவர் தேர்ந்தெடுத்தது எனக்குப் பிடிக்காதவராக இருந்தாலும் மதிப்பேன். அப்புறம் வரவுசெலவுத் திட்ட வாக்கெடுப்பு. அன்று சபைக்கே வராமல் "சுகமில்லை" என்றவர்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் எத்தனை மொழியில், எத்தனை ஊரில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிறார் என்பதும் முக்கியம். தம்பலகாமத்து விவசாயியும் கிண்ணியா மீன் வியாபாரியும் ஒரே ஆளை "அண்ணன்" என்றும் "நானா" என்றும் கூப்பிடுகிற நிலை வந்தால்தான் 29,000 என்பது பேசக்கூடிய எண்.

செலவுக் கணக்கு காட்ட வேண்டுமா? வெளிநாட்டில் இருப்பவர்கள் கேட்கலாமா, வாக்களிக்கலாமா?

2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவினச் சட்டப்படி செலவுக்கு உச்சவரம்பு உண்டு. முடிவு வெளியாகி 21 நாளுக்குள் எவ்வளவு செலவு, எவரிடம் வாங்கியது என்ற விபரத்தைக் கொடுக்க வேண்டும். தோற்றவரும் கொடுக்க வேண்டும். "தோற்றுத்தானே போனேன்" என்று கொடுக்காமல் விட்டவர்கள் நீதிமன்றம் ஏறியிருக்கிறார்கள். மனுவோடு சொத்து விபரமும் போக வேண்டும். இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவர் பாராளுமன்றம் கேட்க முடியாது. கனடாவிலும் லண்டனிலும் இருந்து வந்து பட்டியலில் இடம் கேட்பவர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடலாம். குவைத்திலும் கட்டாரிலும் வேலை செய்கிற நம் பிள்ளைகள் அங்கிருந்து வாக்களிக்க வழியில்லை.

அடுத்த பாராளுமன்றத் தேர்தல் எப்போது?

பாராளுமன்றத்தின் காலம் ஐந்து வருடம். ஆகவே 2029 வரை போகலாம். இரண்டரை வருடத்துக்குப் பிறகு ஜனாதிபதி விரும்பினால் கலைக்கலாம், அதாவது 2027 நடுப்பகுதியிலிருந்து. உள்ளூராட்சித் தேர்தலோ, 2023 மார்ச் 9க்குக் குறித்தது காசில்லை என்று தள்ளி 2025இல்தான் நடந்தது. திகதியை நம்பி யாரும் கடன் வாங்க வேண்டாம்.

சுயேச்சைக் குழுவுக்கு எப்படி வாக்குப் போடுவது? பழைய சின்னம்தானே?

உள்ளூராட்சித் தேர்தலில் இருந்த சின்னமும் இலக்கமும் பாராளுமன்றத் தேர்தலில் இருக்காது. ஒவ்வொரு தேர்தலுக்கும் புதிதாகத் தருவார்கள். வாக்குச்சீட்டில் முதலில் குழுவின் சின்னத்துக்கு எதிரே புள்ளடி போட வேண்டும். அதன் பிறகே கீழே வேட்பாளர் இலக்கத்துக்கு. ஒன்று, இரண்டு அல்லது மூன்று இலக்கத்துக்குப் போடலாம். மூன்றுக்கு மேல் போட்டால் விருப்பு வாக்கு எண்ணப்படாது, குழுவுக்கான வாக்கு மட்டும் நிற்கும். சின்னத்தை விட்டுவிட்டு இலக்கத்துக்கு மட்டும் போட்டால் முழுச் சீட்டுமே நிராகரிக்கப்படும். கண் சரியாகத் தெரியாத அம்மம்மாமாருக்கு இதை இரண்டு தடவை மாதிரிச் சீட்டில் காட்டிவிட்டு அனுப்புங்கள்.